தோட்டத்தில் குடி, போதை மீட்பு உதவிக் குழு: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் குடியிலும் போதையிலும் சிக்கியவர்களுக்கு உதவும் ஒரு சிறு குழுவில் சில வருடங்களாக இருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதல் வேலையாகக் கோயில் மண்டபத்தில் பேனர் கட்டி, பேச்சாளரை வரவழைத்து, விழிப்புணர்வுக் கூட்டம் போடுகிறார்கள். கூட்டம் முடிந்ததும் ஒருவர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து, “நான் விடணும்னு இருக்கேன், எங்க போகணும்?” என்று கேட்பார். யாரிடமும் பதில் இருக்காது. அவர் மறுபடி கேட்கவும் மாட்டார்.

அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை தலைகீழாகத் தெரியலாம். போகும் வழியைத் தயார் செய்வது முதலில், ஆட்களைக் கூப்பிடுவது அப்புறம். தொடங்குவதற்குத் தேவையானவை: நம்பிக்கையான நான்கைந்து பேர், எந்த நேரமும் எடுக்கக்கூடிய ஒரு கார், ஒரு தனிக் கைப்பேசி எண், ஒரு நோட்டுப் புத்தகம். பணம் பெரிதாக வேண்டியதில்லை.

1. குடியா, போதைப்பொருளா என்று முதலில் பிரியுங்கள்

இரண்டுக்கும் போகும் கதவு வேறு. ஏஏடிகே என்று நாம் சொல்லும் தேசிய போதைப்பொருள் ஒழிப்பு நிறுவனம் ஹெரோயின், சியாபு (மெத்தம்ஃபெட்டமின்) போன்றவற்றுக்கானது. சம்சு என்னும் மலிவுச் சாராயம், பீர், கள்ளுக்கு அரசாங்க கிளினிக்தான் முதல் படி, அதாவது கிளினிக் கெசிஹாத்தான். குடிக்கிறவரை ஏஏடிகே அலுவலகத்தில் கொண்டுபோய் உட்கார வைத்து, ஒரு நாள் சம்பளத்தை இழந்து, வெறுங்கையோடு திரும்பிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு முறை அலைந்தவர் இரண்டாம் முறை எங்கேயும் கிளம்ப மாட்டார்.

போதைப்பொருளிலும் ஒரு பிரிவு இருக்கிறது. ஹெரோயினுக்கு மெத்தடோன் மருந்து உண்டு. 2005 முதல் மலேசியாவில் கொடுக்கிறார்கள், அரசாங்க கிளினிக்குகளிலும் கிடைக்கிறது. தொடக்கத்தில் தினமும் நேரில் போய், மருந்தை அங்கேயே குடித்துவிட்டு வர வேண்டும். சியாபுக்கு மெத்தடோன் பயன்படாது. அதற்கு ஈடாகக் கொடுக்கும் மருந்து எதுவும் கிடையாது, ஆலோசனையும் தொடர் கவனிப்பும்தான் சிகிச்சை. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் “மருந்தே குடுக்கல” என்று குடும்பம் கோபத்தோடு வீட்டுக்கு வந்துவிடும்.

போலீஸ் பிடித்துக்கொள்ளுமோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. தானாக முன்வந்து சிகிச்சை கேட்பவருக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. சிறுநீர்ச் சோதனையில் மாட்டி வருவது வேறு, தன் காலில் நடந்து வருவது வேறு. இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். சொல்வதற்கு முன் நீங்களே ஒரு முறை நேரில் போய், நடைமுறை என்ன என்று அதிகாரியிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2. நோயாளி இல்லாமல் ஒரு தடவை போய்ப் பாருங்கள்

குழுவில் இரண்டு பேர் ஒரு வேலை நாளில், தோட்டத்திலிருந்து பஸ்ஸில் கிளம்பி கிளினிக்குக்குப் போக வேண்டும். காரில் போகாதீர்கள். முதல் பஸ் எத்தனை மணிக்கு, எங்கே மாறுவது, எண் எடுத்த பிறகு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதெல்லாம் பஸ்ஸில் போனால்தான் தெரியும்.

அங்கே கேட்க வேண்டியவை இவை. குடிப்பழக்கத்தைப் பார்க்கும் டாக்டர் எந்தக் கிழமை இருப்பார்? தமிழ் பேசும் தாதி அல்லது உதவியாளர் யாராவது உண்டா? உள்ளே படுக்க வைத்துக் குடியை நிறுத்த வேண்டுமென்றால் எந்த ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள்? மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்தால் எத்தனை நாளில் தேதி கிடைக்கும்? மெந்தாரி என்னும் சமூக மனநல மையம் எது பக்கம்?

ஐசி எனப்படும் அடையாள அட்டை இல்லாமல் யாரையும் அழைத்துப் போகாதீர்கள். நீல ஐசி உள்ள குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). குடியுரிமை இல்லாமல் நிரந்தரவாசியாகச் சிவப்பு ஐசி வைத்திருக்கும் பெரியவர்களும், ஐசியே இல்லாதவர்களும் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கட்டணம் மாறும். கவுண்டரில் தொகையைக் கேட்டு அவர்கள் திரும்பி நடக்கும்படி விட்டுவிடாதீர்கள், முன்பே விசாரித்து வையுங்கள்.

தஞ்சோங் ரம்புத்தான் விஷயத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். நம் வட்டாரத்தில் ‘மனநல டாக்டர்’ என்று வாயெடுத்தாலே, “என்னைத் தஞ்சோங் ரம்புத்தான்ல போடப் போறீங்களா?” என்ற கேள்விதான் வரும். அங்கே உள்ள பஹாகியா மனநல மருத்துவமனையைப் பற்றி ஊரில் உலவும் பேச்சு அப்படி. கிளினிக்கில் பார்ப்பது என்ன, எப்போது பெரியாஸ்பத்திரி, எப்போது வீட்டுக்கே வரலாம் என்று படிப்படியாகச் சொல்லத் தெரிந்தால் அந்தப் பயம் பாதி குறையும்.

தோட்ட நிர்வாகத்திடமும் ஒரு முறை பேசிவிடுங்கள். யார் பெயரும் சொல்ல வேண்டாம். சிகிச்சைக்குப் போகிறவர் கொண்டுவரும் எம்சியை (மருத்துவ விடுப்புச் சான்றிதழை) ஏற்பீர்களா, திரும்பி வந்தால் அதே வேலை இருக்குமா என்ற இரண்டே கேள்வி. பதில் கிடைத்தால் அது பின்னால் பெரிய பலம்.

3. குழுவில் யார் இருக்க வேண்டும்

குடியை விட்டு இரண்டு வருடமாவது ஆனவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். எத்தனை டாக்டர் சொன்னாலும், “நானும் காலையில எழுந்ததும் கை ஒதறலை நிறுத்தக் குடிச்சவன்தான்” என்று ஒருவர் சொல்வதற்கு ஈடாகாது. பெண்கள் குறைந்தது இருவர் வேண்டும், மனைவிமார் ஆண்களிடம் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். தோட்டத்து கிளினிக்கில் மருந்து கொடுக்கும் உதவியாளரான டிரசர் சேர்ந்தால் நல்லது. கோயில் தலைவருக்குத் தெரிந்திருக்கட்டும், ஆனால் உள்ளே வேண்டாம் என்பது என் கருத்து, கோயில் கணக்கும் பகையும் கூடவே வந்துவிடும். வட்டிக்கு விடுகிறவரையும், கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் கடைக்காரரையும் எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள்.

ரகசியம் காப்பதுதான் குழுவின் உயிர். வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டில் இருமினால் நாலாவது வீட்டுக்குக் கேட்கும். வாட்ஸ்அப்பில் பெயர் போடக்கூடாது, படம் போடக்கூடாது. நோட்டில் எண் மட்டும், பெயரும் எண்ணும் சேர்ந்த தாள் ஒருவரிடம் மட்டும். ஒரு முறை எங்கள் குழுவிலேயே ஒருவர் நல்ல எண்ணத்தில், “இன்னார் இன்னைக்கு ஆஸ்பத்திரி போறார், எல்லாரும் வேண்டிக்குங்க” என்று தோட்டத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். போக வேண்டியவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அதற்கு அப்புறம் நாலு மாதம் எங்களிடம் ஒருவரும் வரவில்லை.

4. எவ்வளவு குடிக்கிறார் என்று அளப்பது

“கொஞ்சம்தான்” என்ற பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆடிட் என்ற 10 கேள்வித் தாள் இருக்கிறது, கிளினிக்கிலும் இதைப் பயன்படுத்துவார்கள். மொத்தம் 40 புள்ளி. 8ஐத் தொட்டால் ஆபத்தான குடி, 20ஐத் தொட்டால் டாக்டரிடம் அனுப்பியே ஆக வேண்டும். கேள்விகளை அப்படியே வாசித்துக் காட்டினால் பரீட்சை மாதிரி ஆகிவிடும். பேச்சோடு பேச்சாகக் கேட்டு, வெளியே வந்து குறித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் பிழை வரும் இடம் அளவு. “ரெண்டு கிளாஸ்” என்கிறார் என்றால் எந்தக் கிளாஸ்? நான் செய்வது இது. சமையற்கட்டு மேசையில் ஒரு காலி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வைப்பேன். வழக்கமாகக் குடிக்கும் அதே டம்ளரை எடுத்துவரச் சொல்லி, “அண்ணே, எப்பவும் ஊத்துற மாதிரி ஊத்துங்க” என்பேன். ஒரு பெரியவர் ஊற்றினார், டம்ளர் விளிம்பு வரைக்கும். மனைவி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது டம்ளரில் பாட்டில் காலி. அவரே பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கணக்கு இப்படி. 320 மில்லி பீர் கேன், 5 விழுக்காடு என்றால் அதில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 13 கிராம். 38 விழுக்காடு உள்ள 700 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய 210 கிராம். மூன்று பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 70 கிராம், அதாவது ஐந்து கேனுக்கு மேல். “நாங்க மூணு பேர் ஒரே பாட்டில்தான்” என்பதற்கு இதுதான் அர்த்தம். பாட்டிலில் விழுக்காடு எழுதியிருக்கும், அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். லேபிள் இல்லாத சரக்குக்கு எந்தக் கணக்கும் உதவாது.

5. “இன்றோடு விட்டுவிடு” என்று சொல்லாதீர்கள்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். இங்கே செய்யும் தவறில் உயிர் போகும்.

நம் வழக்கத்தில் குடியை விடுவதென்றால் கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் செய்வது. அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேச மாட்டேன், அதனால் விட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தினமும் காலையிலிருந்தே குடிக்கும் ஒருவருடைய உடம்பு சாராயத்துக்குப் பழகிப்போயிருக்கும். அதை ஒரே நாளில் பிடுங்கினால் நரம்பு மண்டலம் தறிகெட்டு ஓடும்.

எங்கள் குழு தொடங்கிய புதிதில், வெள்ளிக்கிழமை மாலை ஒருவர் சத்தியம் செய்தார். எல்லாரும் கை கொடுத்தோம். சனிக்கிழமை காலை பார்க்கப் போனேன். மனைவி காப்பி கொண்டுவந்து கொடுத்தார். அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார், அப்படியும் காப்பி தளும்பிச் சட்டையில் ஊற்றியது. கீழே வைத்துவிட்டுக் குனிந்து மேசையில் வாயை வைத்து உறிஞ்சினார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, அவர் பனியன் நனைந்து ஒட்டியிருந்தது. மன உறுதியோடு போராடுகிறார் என்று நான் நினைத்தேன். அன்று இரவே வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். அந்தக் காலையே காரில் ஏற்றியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நேரக் கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலிருந்து நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை தொடங்கும். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை குழப்பம், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவது, காய்ச்சல், படபடப்பு வரலாம். இந்தக் கடைசிக் கட்டத்தைப் ‘பேய் பிடிச்சிருச்சு’ என்று நினைத்துப் பூசாரியிடம் கொண்டு போகிறார்கள். அது உயிருக்கு ஆபத்தான நிலை. நேரே 999 அவசர எண்ணைக் கூப்பிடுங்கள்.

வீட்டிலேயே நிறுத்தக்கூடாதவர்கள் யார்? முன்பு வலிப்பு வந்தவர், காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நிற்கும் என்பவர், ஈரல், இருதய நோய் உள்ளவர், கர்ப்பிணி, வயதானவர், தனியாக இருப்பவர், தற்கொலைப் பேச்சுப் பேசியவர். இவர்கள் டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். தேதி கிடைக்கும்வரை, “குடிக்காதீங்க” என்று நெருக்காமல், ஒரேயடியாக நிறுத்தாமல் இருக்கச் சொல்லுங்கள். குடும்பத்துக்கு இது விசித்திரமாகப் படும். காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

சாப்பாடு இல்லாமல் பல வருடம் குடித்தவருக்கு பி1 வைட்டமின் வற்றியிருக்கும். கண் நிலைகொள்ளாமல் ஆடுவது, குடிக்காமலே தள்ளாடுவது, குழப்பம் ஆகியவை அதன் அடையாளம். உடனே ஊசி போடாவிட்டால் ஞாபகம் நிரந்தரமாகப் போய்விடலாம். எத்தனை வருடம், கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார் என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். பதற்றத்தில் யாருக்கும் நினைவு வராது.

மரத்தடியில் விற்கும் மலிவுச் சரக்கு பற்றி ஒரு வார்த்தை. செப்டம்பர் 2018இல் சிலாங்கூர் பக்கம் மெத்தனால் கலந்த மதுவால் பலர் இறந்தார்கள். குடித்த மறுநாள் கண் மங்கினாலோ, கடுமையான வயிற்று வலி, வாந்தி, மூச்சிரைப்பு வந்தாலோ தலைவலி மாத்திரை போட்டுப் படுக்கக்கூடாது. அவரோடு சேர்ந்து குடித்த எல்லாரையும் தேடி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், அவர்களுக்கு இன்னும் அறிகுறி தெரியாவிட்டாலும்.

6. பேசும் நேரமும் பேசும் விதமும்

சம்பள நாள் வேண்டாம், போதையில் இருக்கும்போது வேண்டாம், பிள்ளைகள் முன்னால் வேண்டவே வேண்டாம். எண்ணெய்ப்பனைக் குலை வெட்டு முடிந்து ஒன்று, இரண்டு மணிக்கு வீடு திரும்பிக் குளித்துச் சாப்பிட்ட நேரம் நல்லது. வயசுக்குத் தக்கபடி அண்ணே, ஐயா, தம்பி என்று கூப்பிட்டுப் பேசுங்கள், ஒருமையில் ஒரு வார்த்தை விழுந்தால் எல்லாம் கெட்டுவிடும்.

புதியவர்கள் புத்திமதியில் தொடங்குகிறார்கள். அவருக்குத் தெரியாத எதையும் நீங்கள் சொல்லப் போவதில்லை. அவரைப் பேச விடுங்கள். “அண்ணே, குடிச்சா உங்களுக்கு என்ன நல்லது நடக்குது?” என்று கேளுங்கள். முதலில் திகைப்பார். அப்புறம், “முதுகு வலி தெரியாது, தூக்கம் வரும்” என்பார். சரி, அந்த முதுகு வலியை டாக்டரிடம் காட்டலாமே என்று அங்கிருந்து நகரலாம். பெரிய சத்தியம் எதுவும் வாங்க வேண்டாம். “வர்ற செவ்வாய் கிளினிக், ஏழு மணிக்குக் கார் வரும்” என்பதுதான் முதல் பேச்சின் வெற்றி. காரும் ஏழுக்கே வர வேண்டும்.

7. மனைவி, பிள்ளைகள்

அவர் வருகிறாரோ இல்லையோ, குடும்பத்துக்கு உதவி தனியாகத் தொடங்கட்டும். அடி விழும் வீட்டில் முதல் கேள்வி பாதுகாப்பு: இரவில் மனைவி எங்கே போவார், ஐசியும் பிறப்புப் பத்திரங்களும் எங்கே இருக்கின்றன. தாலியான் காசே என்னும் உதவித் தொலைபேசி எண் 15999, எந்த நேரமும் பேசலாம். 1994 குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு உத்தரவு கேட்க வழி உண்டு.

ஒரு பழக்கத்தை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரையைப் பொடித்து, குடிப்பவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்துவிடுகிறார்கள். மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி ஆள் சாகக்கூடும். கடைசி மாத்திரைக்கு இரண்டு வாரம் கழித்தும் இது நடக்கலாம். டாக்டர் கொடுத்து, அவர் சம்மதித்து, தெரிந்தே சாப்பிட வேண்டிய மருந்து அது.

8. திரும்பி வந்த பிறகுதான் உண்மையான வேலை

ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்து தெளிந்து வருவார். குழு நிம்மதியாக அடுத்த ஆளைத் தேடிப் போய்விடும். அவர் அதே லயத்துக்கு, அதே கூட்டாளிகளிடம், அதே நீண்ட பிற்பகலுக்குத் திரும்புகிறார். தோட்ட வேலை விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தொடங்கி மதியத்தோடு முடிகிறது. இரண்டு மணியிலிருந்து இரவு வரை என்ன செய்வது என்ற கேள்விக்கு அவர் இத்தனை வருடம் வைத்திருந்த ஒரே பதில் பாட்டில்.

அதனால் அவர் திரும்புவதற்கு முன்பே முதல் மூன்று மாதத்துக்கு ஒரு தாள் தயார் செய்யுங்கள். மதியம் எங்கே இருப்பார்: காய்கறித் தோட்டமா, பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவதா, பகுதிநேர வேலையா. சம்பள நாளில் யார் கூட இருப்பது, பணம் யார் கைக்குப் போவது என்பதை அவரே சொல்லி எழுத வேண்டும், நாம் திணித்தால் நிற்காது. கல்யாணம், கருமாதி, தீபாவளி, கோயில் திருவிழா வரும் தேதிகளைக் குறித்து, முந்தின நாளே ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். எங்கள் அனுபவத்தில் கருமாதி வீடுதான் மிகக் கடினம். “ஒரு வாய் குடிக்கலன்னா செத்தவனுக்கு மரியாதையா?” என்று கேட்பவர் இருப்பார்.

வாரம் ஒரு முறை ஒரு மணி நேரம், விட்டவர்கள் மட்டும் உட்கார்ந்து பேசும் கூட்டம் வையுங்கள். மூன்று பேர் போதும்.

மறுபடி குடித்துவிட்டால் அடுத்த நாளே போய்ப் பாருங்கள், கோபப்படாமல். எந்த நேரத்தில், யாரோடு, அதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்டு அந்தத் தாளைத் திருத்துங்கள். ஹெரோயின் பழக்கம் உள்ளவரிடம் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மையத்திலோ சிறையிலோ சில மாதம் நிறுத்தியிருந்தவர் பழைய அளவையே எடுத்தால் உடம்பு தாங்காது, மூச்சு நின்றுவிடும். வெளியே வந்த முதல் வாரங்களில்தான் இந்தச் சாவு அதிகம். இதைச் சொன்னால் எடுக்கத் தூண்டுவது போல ஆகிவிடுமோ என்று தயங்காதீர்கள்.

மனம் உடைந்து பேசுபவருக்கு சுகாதார அமைச்சின் ஹீல் உதவித் தொலைபேசி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் என்னும் தன்னார்வ அமைப்பு 03-7627 2929, இருபத்து நான்கு மணி நேரமும்.

9. இளைஞர்கள் பக்கம் இப்போது வாருங்கள்

மேலே சொன்னவை ஓடத் தொடங்கிய பிறகு, தடுப்பு வேலை எளிதாகும், ஏனென்றால் கேட்பவருக்குக் காட்ட ஒரு கதவு இருக்கிறது. பேனர் வேண்டுமென்றால் இப்போது கட்டுங்கள், அதில் கைப்பேசி எண் பெரிதாக இருக்கட்டும்.

1 டிசம்பர் 2017 முதல் 21 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு மது விற்கக்கூடாது. கடைக்காரரிடம் புகார் மிரட்டலோடு போகாமல், தெரிந்தவராகப் போய்ப் பேசுங்கள், நம் தோட்டத்தில் பெரும்பாலானவர் கேட்டார்கள். பையன்கள் சம்சுவில் தொடங்குவது குறைவு, பீரிலும், கெத்தும் என்னும் இலையைக் காய்ச்சிய தண்ணியிலும்தான் தொடங்குகிறார்கள். கெத்துமில் உள்ள வேதிப்பொருள் 1952 விஷப்பொருள் சட்டத்தில் வருகிறது என்பது பலருக்குத் தெரியாது, இலைதானே என்கிறார்கள்.

ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் எழுதி முடித்து முடிவு வரும்வரை உள்ள மாதங்கள்தான் ஓட்டை. அந்த நேரத்தில் லாரி ஓட்டும் உரிமம், வெல்டிங், மின்வேலை என்று ஏதாவது பயிற்சிக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்க ஒருவர் இருந்தால், பத்து பேச்சாளரை விட அது மேல்.

10. நோட்டில் எழுத வேண்டியவை

மாதம் ஒரு முறை ஐந்து எண்கள் போதும்: எத்தனை பேர் பேசினார்கள், எத்தனை பேர் கிளினிக் வரை போனார்கள், எத்தனை பேர் இரண்டாவது தேதிக்குப் போனார்கள், மூன்று மாதம் கழித்தும் தொடர்பில் இருப்பவர் எத்தனை, கார் எத்தனை முறை ஓடியது. குடியை விட்டவர் எத்தனை என்று முதல் வருடத்தில் எண்ணாதீர்கள், அந்த எண்ணுக்காக ஆட்களை நெருக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

இரண்டாவது தேதிக்குப் போனவர் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தால் எங்கேயோ வழி அடைபட்டிருக்கிறது. எங்களுக்கு ஒரு முறை அப்படி விழுந்தது. விசாரித்தால், கிளினிக் தேதி எல்லாம் சம்பளத்துக்கு முந்தின வாரத்தில் வந்திருந்தது, யாரிடமும் பஸ் காசு இல்லை. தேதியை மாற்றிக் கேட்டோம், கார் முறையை மாற்றினோம். ஆறு மாத எண்களோடு கிளினிக்கில் போய்க் கேட்டபோதுதான், மாதம் ஒரு நாள் தாதியைத் தோட்டத்துக்கே அனுப்பச் சம்மதித்தார்கள். இப்போது அவர் மூன்றாவது புதன்கிழமை வருகிறார். பாலர் பள்ளிக் கட்டடத்தில் பின்பக்கக் கதவைத் திறந்து வைக்கிறோம், யார் உள்ளே போகிறார் என்று சாலையிலிருந்து தெரியாது.